வெளியூர் ஆட்டத்துக்குத் தனியாகப் போகலாமா?

வேலைக்காக பர்மிங்ஹாம் வந்து எட்டு மாதம் ஆகிறது, வில்லா பார்க் மைதானத்தில் நாலைந்து ஆட்டம் பார்த்தாயிற்று, இனி ஆஸ்டன் வில்லா கால்பந்து அணி வெளியூரில் ஆடும்போதும் கூடவே போக ஆசை. டிக்கெட் எப்படிக் கிடைக்கும், முதலில் எந்த மைதானத்துக்குப் போகலாம், பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "கூட வர ஆள் இல்லை, பார்த்தாலே வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கிய அந்த ஒரு மூலையில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்றுதான் கேட்கிறீர்கள். சேர்த்துக்கொள்வார்கள். தனியாகவே போகலாம். ஆனால் போகிற முறை ஒன்று இருக்கிறது, அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் வில்லா ரசிகன் இல்லை. பக்கத்து ஊர் கவென்ட்ரி சிட்டியின் பின்னால் 2012 முதல் ஊர் ஊராகப் போய்வருகிறவன். 2013-14 சீசனில் எங்கள் அணி தன் சொந்த ஆட்டங்களையே சுமார் 35 மைல் தள்ளி நார்தாம்ப்டனில் ஆட வேண்டி வந்தது. அந்த வருடம் எங்களுக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான். 2017-18இல் நான்காவது டிவிஷன் வரை இறங்கி, பிறகு மேலே ஏறினோம். அதனால் அறுபதாயிரம் பேர் உட்காரும் இடமும் பார்த்திருக்கிறேன், தலைக்கு மேல் கூரையே இல்லாத திறந்த படிக்கட்டும் பார்த்திருக்கிறேன். சட்டம், ஒதுக்கீடு, விலை பற்றி இங்கே சொல்வதை அப்படியே நம்பலாம். மனிதர்களைப் பற்றிச் சொல்வது ஒரு ஆணின் அனுபவம். தனியாகப் போகும் பெண்கள் இதே விஷயங்களை வேறு தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட.

முதலில் டிக்கெட். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தப்புச் செய்கிறார்கள். வெளியூர் ஆட்டத்துக்கான டிக்கெட்டை அந்த ஊர் கிளப்பிடம் கேட்கக்கூடாது, உங்கள் கிளப்பிடம்தான் வாங்க வேண்டும். வில்லா ஆடும் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கின் விதிப்படி வருகிற அணிக்கு 3,000 டிக்கெட் தரப்படும். மைதானம் முப்பதாயிரம் பேருக்குக் குறைவானது என்றால் மொத்த இருக்கையில் 10 சதவீதம். போர்ன்மத் மைதானத்தில் மொத்தமே பதினோராயிரத்துச் சொச்சம் இருக்கைகள்தான், அப்படியென்றால் வருகிறவர்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலைக்கு 2016-17 சீசனிலிருந்து 30 பவுண்டு உச்சவரம்பு இருக்கிறது. இது யாரும் தானாகத் தந்ததில்லை. இருபது பவுண்டுக்கு மேல் வாங்காதே என்று ரசிகர்கள் பல வருடம் பதாகை பிடித்தார்கள், இருபது கேட்டு முப்பது கிடைத்தது. இரண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப்பிலும் அதற்குக் கீழும் இந்த வரம்பு கிடையாது, நாங்கள் இதைவிட அதிகம் கொடுத்த நாட்கள் உண்டு.

இந்த மூவாயிரத்தில் உங்கள் முறை எப்போது வரும் என்பதைப் பழைய கணக்கு தீர்மானிக்கும். ஏற்கனவே எத்தனை வெளியூர் ஆட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்பதை வைத்துப் புள்ளி போட்டு முன்னுரிமை தருவதுதான் பெரும்பாலான கிளப்புகளின் வழக்கம். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் முதலில், பிறகு உறுப்பினர்கள். போனால்தான் புள்ளி, புள்ளி இருந்தால்தான் டிக்கெட். இந்தப் பூட்டுக்குச் சாவி, மற்றவர்கள் போகத் தயங்கும் ஆட்டங்கள். செவ்வாய், புதன் இரவு, மழைக்காலம், வடக்கே நெடுந்தூரம், கோப்பைப் போட்டியின் ஆரம்பச் சுற்று, இப்படிப்பட்டவற்றைப் பாருங்கள். எல்லா டிவிஷன் கிளப்புகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் வருகிற அணிக்கு மைதானக் கொள்ளளவில் 15 சதவீதம் வரை கேட்க உரிமை உண்டு, அதனால் பெரிய மைதானத்தில் கோப்பை ஆட்டம் விழுந்தால் புதியவர்களுக்கும் கதவு திறக்கும். உறுப்பினர் அட்டையை இன்றே வாங்கி வையுங்கள். சமூக வலைத்தளத்தில் யாரோ விற்கிறார் என்று மட்டும் போகாதீர்கள். அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது 1994ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பணமும் போய், வாசலில் பச்சை விளக்கு எரியாமல் நிற்கிறவர்களை ஒவ்வொரு சீசனும் பார்க்கிறேன்.

இன்னொரு குறுக்கு வழியும் உங்களுக்குத் தோன்றும். உள்ளூர் ரசிகர்கள் பகுதியில் டிக்கெட் எடுத்து, ஜெர்சி போடாமல், சத்தம் காட்டாமல் உட்கார்ந்து பார்த்தால் என்ன? நான் அதைச் செய்திருக்கிறேன். முதல் சீசனில் ஒரு ஊரில், எங்கள் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதால் உள்ளூர் பகுதியில் உட்கார்ந்தேன். எழுபதாவது நிமிடம் வரை பிரச்சினை இல்லை. பிறகு எங்கள் பையன் ஒருவன் வலது பக்கமிருந்து வளைத்து அடித்த பந்து வலைக்குள் போனது. நான் கத்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். முன் வரிசைக்காரர் திரும்பி என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் மைதானக் காவல் ஊழியரான ஸ்டீவர்ட் ஒருவர் வந்து வெளியே கூட்டிப் போனார். அவர் மேல் தப்பில்லை. எதிரணி ரசிகரை அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்ற மைதான விதி இடம் தருகிறது, எனக்கும் அதுதான் நல்லது. மீதி இருபது நிமிடத்தைச் சுவருக்கு வெளியே நின்று காதால் கேட்டேன். ஒதுக்கிய பகுதியில் டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் இருங்கள்.

அடுத்தது பயணம். ரயிலில் முன்கூட்டியே எடுக்கும் மலிவு டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் ஆட்ட நேரமோ தொலைக்காட்சிக்காக மாறிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை மூன்று மணி என்று போட்டிருப்பது ஞாயிறு நாலரைக்கும் போகலாம், திங்கள் இரவு எட்டுக்கும் போகலாம். தொலைக்காட்சித் தேர்வு அறிவிக்கும் வரை ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். இரவு எட்டு மணி ஆட்டம் முடிய பத்தாகிவிடும், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் நான்கைந்து ஆட்டத்துக்குக் கிளப் ஏற்பாடு செய்யும் பேருந்தில், அதாவது கோச்சில் போங்கள். செலவு குறைவு என்பது இரண்டாவது காரணம். கோச் மைதானத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், கூடுதல் நேரம் போனாலும் காத்திருக்கும். அதைவிட முக்கியம், தனியாக ஏறுகிறவர் தனியாக இறங்குவதில்லை. ஆட்டத்துக்குப் போகும் இந்த வண்டிகளில் மது கொண்டுபோவது 1985ஆம் வருடச் சட்டப்படி குற்றம், அதனால் குடிக்காதவருக்கும் கூச்சமில்லை. நான் முதன்முதலில் ஏறியபோது பக்கத்து சீட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா இருந்தார். எந்த நாட்டுக்காரன் என்று கேட்பார், பதில் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது, "உன் முதல் ஆட்டம் எது? ஜெயித்தோமா?" அப்புறம் பையிலிருந்து ஒரு மிட்டாய் டப்பாவைத் திறந்து, எனக்கு ஒன்று கொடுத்து, பின் சீட்டுக்கு நீட்டினார். வண்டி முழுக்கச் சுற்றி அது காலியாகத் திரும்பி வந்தது. அவரோடு அதற்குப் பிறகு ஐம்பது, அறுபது ஆட்டத்துக்குப் போயிருப்பேன்.

முதல் மைதானம் எது என்று கேட்டீர்களே, லண்டனில் ஃபுல்ஹாம் ஆடும் கிரேவன் காட்டேஜ் என்பேன். இது என் ரசனை, ஆனால் காரணம் உண்டு. பட்னி பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கி, பிஷப்ஸ் பார்க் என்ற பூங்காவுக்குள் தேம்ஸ் நதியை ஒட்டியே நடந்தால் கால் மணி நேரத்தில் மைதானம். மரங்களுக்கு நடுவில் இரண்டு அணி ஸ்கார்ஃபும் பக்கத்துப் பக்கத்தில் போகும், யாரும் யாரையும் முறைப்பதில்லை. 1905இல் கட்டிய பார்வையாளர் மேடையும் அதன் மர இருக்கைகளும் இன்றும் அங்கே இருக்கின்றன. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் ரசிகர்களுக்கு அங்கே பல வருடமாக உச்சாணியில் ஏழாவது தளம். பதினான்கு அடுக்குப் படி ஏறி வெளியே வந்தால் ஊரே காலடியில் தெரியும், ஆட்டக்காரர்களின் முகம் தெரியாது. உள்ளூர்ப் பகை ஆட்டங்கள், உங்களுக்குப் பக்கத்து ஊர் வுல்வ்ஸ் மாதிரி, கொஞ்சம் பழகிய பிறகு போதும்.

லூட்டன் அணியின் மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1905 முதல் அவர்கள் ஆடிவரும் கெனில்வொர்த் ரோட்டில் வெளியூர் ரசிகர்களுக்கு வாசல் ஓக் ரோடு என்ற சந்தில். ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகள், அவற்றில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு திறப்பு, அதுதான் மைதானத்தின் கதவு. உள்ளே போய் இரும்புப் படி ஏறும்போது இரண்டு பக்கமும் வீடுகளின் பின்கட்டு தெரியும். நான் போன அன்று கீழே ஒரு கொல்லையில் குழந்தை உடுப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன, சின்னப் பையன் ஒருவன் ஜன்னலில் நின்று ஏறிப் போகிற எங்களை எண்ணிக்கொண்டிருந்தான். அந்தப் படியில் ஏறியபோதுதான் இந்த நாட்டில் கால்பந்து எங்கே முளைத்தது என்று எனக்குப் புரிந்தது. லூட்டன் புது மைதானம் கட்டித் தயாராகிறது. எவர்ட்டன் ஆண்கள் அணியும் 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு 2025இல் துறைமுகக் கரைக்குப் போய்விட்டது. அங்கே தூண் மறைக்கும் இருக்கையில் எக்கி எக்கிப் பார்த்தவர்கள்கூட அதை நினைத்து ஏங்குகிறார்கள். பழைய மைதானங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் தள்ளிப் போடாதீர்கள்.

உள்ளே போன பிறகு நடப்பது வில்லா பார்க்கில் நீங்கள் பார்த்ததிலிருந்து மாறுபடும். வெளியூர்ப் பகுதியில் தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். டிக்கெட்டில் உள்ள இருக்கை எண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிற்க முடியாதவர், குழந்தையோடு வருகிறவர் டிக்கெட் வாங்கும்போதே கிளப்பிடம் சொன்னால் முன் வரிசையோ உட்காரும் பகுதியோ கேட்டுப் பார்க்கலாம். பாட்டுகள் தெரியாதே என்ற கவலை வேண்டாம், இருபது நிமிடத்தில் காதில் ஏறிவிடும். மூவாயிரம் பேர் சேர்ந்து முப்பதாயிரம் பேரை அமைதியாக்குவதுதான் வெளியூர் ரசிகரின் பெருமை, அதில் உங்கள் குரலும் ஒன்று.

நிற்பதைப் பற்றிப் பேசினால் ஷெஃபீல்டைப் பேசியே ஆக வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று அந்த ஊரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்கு வந்த லிவர்பூல் ரசிகர்கள் லெப்பிங்ஸ் லேன் பக்க அடைப்புகளுக்குள் நெரிபட்டார்கள். பிற்காலத்தில் இறந்தவரையும் சேர்த்து 97 பேர் உயிரிழந்தார்கள். வாசலில் நெருக்கம் கூடியபோது போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட, கூட்டம் ஏற்கனவே நிறைந்திருந்த நடு அடைப்புகளுக்குள் போய் அடைத்துக்கொண்டது. முன்னால் இரும்பு வேலி. ரசிகர்கள் மேல் தவறில்லை என்று 2016இல் ஜூரி தீர்ப்புச் சொல்லும் வரை அந்தக் குடும்பங்கள் 27 வருடம் காத்திருந்தன. அந்த விபத்துக்குப் பிறகுதான் மேல் இரண்டு டிவிஷனிலும் எல்லா மைதானங்களும் இருக்கை மயமாயின. முன்னால் கம்பி வைத்த, பாதுகாப்பாக நிற்கும் இடங்களுக்கு 2022இலிருந்துதான் அனுமதி. அந்த லெப்பிங்ஸ் லேன் பக்கம் இன்றும் வெளியூர் ரசிகர்கள் பகுதிதான். நான் அங்கே போன ஒவ்வொரு முறையும் எங்கள் கூட்டம் வாசலில் தானாகவே குரலைத் தாழ்த்தியது. உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எந்த ஊரானாலும் ஒரு மணி நேரம் முன்பே வாசலுக்குப் போய்விடுங்கள். கூட்டம் நெஞ்சில் அழுத்துவது போலிருந்தால் ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் போனால் போகிறது என்று பின்வாங்கி ஓரமாக நில்லுங்கள்.

இனி நீங்கள் தயங்கிக் கேட்டது. இத்தனை வருடத்தில் நிறத்தைக் குறித்து என் காதுபட மூன்று தடவை பேசியிருக்கிறார்கள். இரண்டு, மைதானத்துக்கு வெளியே, தெருவில், எதிரணிச் சட்டை போட்டவர்கள். நின்று பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன், அதை இன்றும் சரி என்றே நினைக்கிறேன். மூன்றாவது எங்கள் பகுதியிலேயே. எதிரணி வீரர் ஒருவரைப் பார்த்து எனக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நான் திரும்புவதற்குள், முன்பின் தெரியாத ஒரு ஆள் அவர் தோளில் கை வைத்து, "இங்கே அது வேண்டாம்" என்றார். இன்னொருவர் ஸ்டீவர்டைக் கூப்பிட்டார். கத்தியவரை இடைவேளைக்கு முன்பே வெளியே கொண்டுபோனார்கள். எல்லா ஊரிலும் எல்லா நாளும் இப்படித்தான் நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், இது நான் பார்த்தது. உறுதியாகச் சொல்லக்கூடியது சட்டத்தை. ஆட்டத்தில் இனவெறிக் கோஷம் போடுவது 1991ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஸ்டீவர்டிடம் சொல்லலாம், 1993 முதல் இதற்காகவே இயங்கும் கிக் இட் அவுட் அமைப்பிடமும் புகார் தரலாம். வரிசை எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் புகார் வலுவாக இருக்கும்.

அதே சட்டங்கள் நம்மையும் கட்டும். நீங்கள் வேலை விசாவில் இருக்கிறீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோல் விழுந்த வேகத்தில் மைதானத்துக்குள் ஓடுவது குற்றம். புகைக்குண்டு, மத்தாப்பு கொண்டுபோவது குற்றம். ஆட்டம் கண்ணில் படும் இடத்தில் மது குடிப்பது குற்றம், கீழே கடை இருக்கும் கூடத்திலேயே முடித்துவிட்டு மேலே வர வேண்டும். பழைய விபத்துகளையும் சாவுகளையும் கேலி செய்யும் கோஷம் போட்டால் வழக்குத் தொடரலாம் என்று 2023இல் அரசு வழக்கறிஞர் துறை வழிகாட்டுதல் தந்திருக்கிறது. பக்கத்தில் முந்நூறு பேர் பாடினாலும் வாயைத் திறக்காதீர்கள். தண்டனையோடு வரும் கால்பந்துத் தடை உத்தரவு மூன்று வருடத்திலிருந்து பத்து வருடம் வரை போகும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவருக்கு அதோடு முடியலாம், உங்களுக்குக் குற்றப் பதிவு என்றால் அடுத்த விசா விண்ணப்பத்திலும் வந்து நிற்கும்.

ஐரோப்பியப் போட்டிக்கும் போகலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். போகலாம். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏவின் விதியில் வருகிற அணிக்கு 5 சதவீத இடம், சாம்பியன்ஸ் லீக்கில் வெளியூர் டிக்கெட்டின் உச்சவிலை 2024-25இல் 60 யூரோ, 2025-26இல் 50 யூரோ. ஆனால் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எதிரணி யாரென்று குலுக்கலில் தெரிவதற்கும் ஆட்டத்துக்கும் நடுவில் சில வாரமே இருக்கலாம், விசா நேர்காணலுக்கு நாள் கிடைப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். வேறு காரணத்துக்குப் பலமுறை போய்வரும் விசா எடுக்க வாய்ப்பிருந்தால் முன்பே எடுத்து வையுங்கள். கார்டிஃப், ஸ்வான்சீ, ரெக்ஸம் எல்லாம் வேல்ஸ் என்றாலும் அதே நாட்டு விசாதான், கவலையில்லை.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். டிக்கெட் இப்போது பெரும்பாலும் போனில்தான் வரும், அதனால் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல மைதானங்களில் விடமாட்டார்கள். பப் வாசலில் உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அடுத்த தெருவுக்குப் போங்கள், கோச்சில் வருகிறவர்களைக் கேட்டால் எது நம் ஆட்கள் கூடும் இடம் என்று சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் சில ஊர்களில் உள்ளூர்க் கூட்டம் கலையும் வரை பத்து இருபது நிமிடம் உள்ளேயே நிறுத்தி வைப்பார்கள், ரயில் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கார்ஃப் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள். தெரியாத ஊரில் இறங்கி நடக்கும்போது கோட்டுக்குள் இருக்கட்டும். வாசலில் சுழலும் கம்பிக் கதவான டர்ன்ஸ்டைலைத் தாண்டியதும் வெளியே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.